பாலத்தார் போட்டுவாறார்

1

வருகிற ஞாயிற்றுக்கிழமை என் மகன் வீட்டை விட்டுப் போகிறான். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் பதறவேண்டாம். கோபித்துக்கொண்டு போகவில்லை, படிக்கத்தான் போகிறான். நாங்கள் இருப்பது நோர்வேயில், பேர்கன் என்ற நகரத்தில். இங்கே வருடத்தில் முக்கால்வாசி நாள் மழை பெய்யும், மிச்ச நாளில் மழை வரப்பார்க்கும். அவன் போவது இன்னும் வடக்கே, துரொண்ட்ஹைமுக்கு. அங்கே வீடியோ கேம் செய்வது எப்படி என்று படிப்பிக்கிறார்களாம்.

இந்தச் செய்தியை யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா, "விளையாடவும் படிப்பிக்கினமோ பிள்ளை?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த அப்பாவின் கேள்வி வேறு: "சோதினை இருக்கோ எண்டு கேளும்." சோதனை இருக்கிறது என்றேன். "அப்ப சரி, படிப்புத்தான்," என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். எண்பது தாண்டிய மனிதர். சோதனை என்று ஒன்று வைத்தால் கள்ளுக் குடிப்பதைக்கூடப் படிப்பாக ஏற்றுக்கொள்வார்.

அம்மா லேசில் விடவில்லை. "அது கிடக்கட்டும். பெடியன் சொல்லிப்போட்டோ போவான்?" என்றார்.

அதுதான் என் கவலையும். எங்கள் ஊரில் வீட்டை விட்டு வெளிக்கிடுகிறவர் ஒருநாளும் 'போறன்' என்று சொல்வதில்லை. சந்திக்குத் தீப்பெட்டி வாங்கப் போனாலும் 'போட்டுவாறன்' என்றுதான் சொல்லவேண்டும். போகிற சொல்லுக்குள்ளேயே வருகிற சொல்லையும் வைத்துக் கட்டிக் கொடுத்துவிட வேண்டும். நோர்வேக்காரர் பிரியும்போது 'ஹா டெ' என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'அதை வைத்திரு' என்று வரும். எதை? வந்த புதிதில் எனக்குப் பெரிய குழப்பம். கடைக்காரி 'ஹா டெ' என்று சொன்ன பிறகும், அவள் ஏதோ தரப்போகிறாள் என்று நினைத்து நான் கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். வரவர நானும் கணவரும்கூட வீட்டில் 'ஹா டெ'க்கு மாறிவிட்டோம்.

என் மகன் ஆரன் பிறந்ததிலிருந்து 'ஹா டெ' என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறான், அதுவும் காதில் ஹெட்போனோடு, முதுகைக் காட்டிக்கொண்டு. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பரவாயில்லை. இப்போது வீட்டை விட்டே போகிறான். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போனால் எனக்குப் போதும். ஆனால் சொல்லமாட்டான். ஏன் சொல்லமாட்டான் என்பது ஒரு பெரிய கூத்து. அதற்கு 1986-க்குப் போகவேண்டும்.

2

எங்கள் வீடு மருதனார்மடச் சந்தியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது. அந்த வருடம் கப்பலில் வேலை செய்த மாமா விடுமுறையில் வந்தார். அம்மாவுக்கு நைலெக்ஸ் சேலை, அப்பாவுக்குச் சவரம் செய்கிற மெஷின், எனக்கும் தம்பிக்கும் உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி. பெட்டியில் சின்னத் திரை. இரண்டு பக்கமும் இரண்டு பொத்தான். உள்ளே ஒரு பாலம், பாலத்தின் கீழே ஆறு, ஆற்றில் வாயைப் பிளந்தபடி ஒரு முதலை. பாலத்துப் பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். ஒரு சின்ன மனிதன் விழாமல் பாய்ந்து பாய்ந்து அக்கரைக்குப் போகவேண்டும். போய்ச் சேர்ந்தால் ஒரு புள்ளி. உடனே மறுபடியும் இக்கரையில் நிற்பான், ஏதோ மறந்துவிட்டு வந்தவன் மாதிரி.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளான எங்களுக்கு ஆறு தெரியாது. வழுக்கியாறு என்று ஒன்று இருக்கிறதுதான். மாரி மழை பெய்தால்தான் தான் ஓர் ஆறு என்பது அதற்கே ஞாபகம் வரும். முதலையைப் படத்தில்தான் கண்டிருந்தோம். ஆகவே நான் முதன்முதலில் ஒழுங்காகக் கண்ட ஆறு, அந்தப் பெட்டிக்குள் ஓடிய ஆறுதான்.

அந்த மனிதனுக்கு ஒரு பெயர் வைக்கவேண்டி வந்தது. தம்பி வைத்தான்: பாலத்தார். விதானையார், மணியகாரர் மாதிரி, பாலத்தில் உத்தியோகம் பார்க்கிறவர் பாலத்தார். மரியாதை குறையக்கூடாது.

ஊருக்கு அந்தப் பெட்டியைப் பிடிக்கவில்லை. ரியூசன் மாஸ்டர், கண் அவிந்துபோகும் என்றார். பக்கத்து வீட்டு மாமி, விரல் சூம்பிவிடும் என்றார். சந்தி வாசிகசாலையில் பொழுது சாயத் தொடங்கிக் கண் எரியும்வரைக்கும் 304 என்கிற கடுதாசிச் சீட்டு விளையாடிவிட்டு வருகிற பெரிய மனிதர்கள்கூட, "இந்தக் காலத்துப் பிள்ளையள் விளையாட்டிலை கெட்டுப்போகுதுகள்," என்று எங்கள் வாசல் படலையில் நின்று துக்கப்பட்டார்கள். அப்பா கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். சீனிக்கும் மாவுக்கும் இடையில் வாழ்க்கையை நிறுத்துப் பார்த்தவர். அவருக்கு உலகத்தில் இருப்பது இரண்டே வகை, ஒன்று படிப்பு, மற்றதெல்லாம் பராக்கு. அவர் அதற்கு வைத்த பெயர் பராக்குப் பெட்டி. ஓஎல் என்கிற பதினோராம் வகுப்புச் சோதனை முடியும்வரை நான் அதைத் தொடக்கூடாது என்று சட்டம். நானோ அப்போது ஏழாம் வகுப்பு.

அப்பா கடைக்குப் போன பிறகு தொட்டோம். தொட்டோம் என்றால் அப்படித் தொட்டோம்.

ஒருநாள் பொழுதுபடுகிற நேரம். பாலத்தார் முதலையின் வாய்க்குள் விழுந்துவிட்டார். "ஐயோ, செத்துப்போனன்! செத்துப்போனன்!" என்று நான் கத்தினேன். சுவாமி அறையில் விளக்கு வைத்துக்கொண்டிருந்த அம்மா தீப்பெட்டியோடு ஓடிவந்தார்.

"என்ன கதை கதைக்கிறாய்? விளக்கு வைக்கிற நேரத்திலை வாயிலை நல்ல சொல்லு வராதோ?"

"நானில்லை அம்மா. பாலத்தார்தான் செத்தவர்."

"ஆராயிருந்தால் என்ன? எங்கடை வீட்டுக்குள்ளை ஒருத்தரும் சாகப்படாது."

"அப்ப என்னெண்டு சொல்லுறது?"

அம்மா யோசித்தார். "உவர் விழுந்தாப் பிறகு என்ன நடக்கும்?"

"திரும்பி வருவார். அவருக்கு மூண்டு உயிர்."

"மூண்டும் முடிஞ்சால்?"

"பொத்தானை அமத்தினால் திரும்பவும் முதலிலையிருந்து வருவார்."

"திரும்பித் திரும்பி வாறவர் எண்டால் பிறகென்ன? போட்டுவாறார் எண்டு சொல்லு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாலத்தார் ஒருநாளும் சாகவில்லை. பலகை கழலும், கால் தடுக்கும், முதலை வாயைத் திறக்கும், நானும் தம்பியும் ஒரே குரலில் "போட்டுவாறன்!" என்போம். எத்தனை மரியாதையான முடிவு. முதலைக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்திருக்கும்.

3

இனி அப்பாவைப்பற்றிச் சொல்லவேண்டும். ஊர் முழுக்கச் சொல்கிற அந்தச் சொல்லை எங்கள் அப்பா மட்டும் சொல்வதில்லை. காலையில் சைக்கிளை எடுப்பார். ஒரு கனைப்பு. ஸ்ராண்டைத் தட்டுகிற சத்தம். படலை சாத்துகிற சத்தம். அவ்வளவுதான் அவருடைய பிரியாவிடை.

"சொல்லிப்போட்டுப் போனால் என்ன, குறைஞ்சு போவீங்களோ?" என்று அம்மா கேட்பார்.

"கடைக்குத்தானே போறன். போறவன் வருவான்தானே. இதுக்கொரு அறிவிப்போ?"

எண்பதுகளின் முடிவில் யுத்தம் முற்றியபோது, போறவன் வருவான்தானே என்பது யாழ்ப்பாணத்தில் செல்லாத பேச்சாகிவிட்டது. மீன் வாங்கப் போனவர் வரவில்லை, ரியூசனுக்குப் போனவன் வரவில்லை. அம்மா பின்னேரங்களில் அடுப்படி வேலையை விட்டுவிட்டு, ஒழுங்கையில் சைக்கிள் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு நிற்பார். அப்பாவின் சைக்கிள் செயினில் ஒரு கிறீச் இருந்தது. அதற்கு எண்ணெய் விட அம்மா விடவில்லை.

1990-இல் மின்சாரம் நின்றது. பற்றரியும் யாழ்ப்பாணத்துக்குள் வராத சாமானாகிவிட்டது. பாலத்தாரும் மெல்ல மெல்ல மங்கி ஒருநாள் மறைந்தார். அதே வருடம்தான் நான் ஓஎல் எழுதினேன். விளையாட அனுமதி கிடைத்தபோது விளையாட ஆளில்லை. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

அந்த நாட்களில் வீடுகளில் றேடியோ கேட்டது சைக்கிள் டைனமோவில். அப்பா விறாந்தையில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி இருந்து, சுவரைப் பார்த்தபடி மிதிப்பார். பின் சில்லில் முட்டிக்கொண்டு சுழலும் டைனமோவிலிருந்து இரண்டு வயர் பின்னால் மேசைக்கு வரும். மேசையில் றேடியோ. செய்தி கேட்க ஒழுங்கையே எங்கள் விறாந்தையில் கூடும். அப்பா எங்கேயும் போகாமல் வேர்த்து விறுவிறுத்து மிதித்துக்கொண்டிருப்பார். செய்தி முடிந்து ஆட்கள் போன பிறகும் கொஞ்சநேரம் மிதிப்பார். செமிபாட்டுக்கு நல்லதாம்.

அந்தச் செமிபாட்டு நேரத்தைத்தான் தம்பி கண்டுபிடித்தான். ஒருநாள் செய்தி முடிந்ததும் றேடியோ வயரைக் கழற்றிப் பராக்குப் பெட்டியில் கொழுவினான். திரையில் ஒரு நடுக்கம். பிறகு பாலம், பிறகு முதலை, பிறகு, என்ரை கடவுளே, பாலத்தார்! எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது. அப்பா வேகத்தைக் குறைத்தால் பாலத்தார் மங்குவார். கூட்டினால் திரை முழுவதும் கறுத்துப்போகும். ஆனால் சங்கக்கடைத் தராசு பிடித்த அந்த மனிதரின் கால், ஒரே நிதானத்தில் மிதித்தது. சீனி நிறுக்கிற மாதிரி மிதித்தார். பாலத்தார் சாகசம் காட்டினார். ஒவ்வொரு பின்னேரமும் அப்பா சுவரைப் பார்த்து மிதிக்க, அவருக்குப் பின்னால் நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விளையாடினோம். பெட்டி கீச்சிடாமல் இருக்க அதன் ஓட்டைக்கு மெழுகு வைத்து அடைத்திருந்தோம்.

எல்லாம் அந்தச் சொல்லால்தான் கெட்டது. அன்றைக்கு நான் அதுவரை எட்டாத எண்ணிக்கைக்குப் பாலத்தாரைக் கொண்டுபோயிருந்தேன். கடைசி உயிர். பலகை கழன்றது. என்னை மறந்து, "ஐயோ, போட்டுவாறன்!" என்று கத்திவிட்டேன்.

அப்பா மிதித்தபடியே கேட்டார்: "இந்த நேரத்திலை எங்கை பிள்ளை போறாய்?"

பிறகு திரும்பினார். மேசையைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், தன்னுடைய காலைப் பார்த்தார்.

"உதுக்கே நான் இவ்வளவு நாளும் மிதிச்சனான்?"

கால் நின்றது. திரை வெறுமையானது. என் எண்ணிக்கையும் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடி விழப்போகிறதே என்ற பயத்தில் அழவில்லை, அந்த எண்ணிக்கைக்காகத்தான் அழுதேன். அப்பாவுக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். கொஞ்சநேரம் என்னைப் பார்த்துவிட்டு, "எத்தினை?" என்று கேட்டார். சொன்னேன். அவருடைய புருவம் ஏறியது. அது சோதனை மார்க்ஸுக்கு மட்டும் ஏறுகிற புருவம்.

"தம்பி, ஏறி மிதி. எனக்கொருக்கால் காட்டுங்கோ பாப்பம், என்னதான் இருக்கெண்டு."

அப்பா விளையாடினார். விளையாடினார் என்று சொல்வது பெரிய வார்த்தை. முதல் பலகையிலேயே விழுந்தார். தம்பி சைக்கிளிலிருந்து விழுகிற அளவுக்குச் சிரித்தான். சத்தம் கேட்டு அகப்பையோடு வந்த அம்மா நிலைமையை ஒரே பார்வையில் அறிந்துகொண்டார்.

"சொல்லுங்கோ," என்றார்.

"என்னத்தை?"

"விழுந்தால் சொல்லவேணும். பிள்ளையள் சொல்லுறவை. இந்த வீட்டுச் சட்டம்."

அப்பா எங்களைப் பார்த்தார். நாங்கள் மேலே கூரையைப் பார்த்தோம். ஒரு கனைப்பு வந்தது. பிறகு, சாமான் தட்டுப்பாட்டு நாளில் சீனி அளந்து கொடுப்பதுபோல, "போட்டுவாறன்," என்றார்.

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். கொஞ்சநேரம் கழித்து வந்தபோது முகம் கழுவியிருந்தது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து காத்திருந்த சொல். அது ஒரு முதலையின் தயவில் வந்ததைப்பற்றி அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்தநாள் காலை. கனைப்பு. ஸ்ராண்ட் சத்தம். படலை திறக்கிற சத்தம். நாங்கள் மூன்று பேரும் காதை நீட்டிக்கொண்டு இருந்தோம். அப்பா ஒழுங்கையைப் பார்த்தபடி, எங்களுக்கில்லை, யாருக்கோ சொல்வது மாதிரிச் சொன்னார்:

"பாலத்தார் போட்டுவாறார்."

தன்னுடைய பெயரில் சொல்ல வெட்கம். பாலத்தார் பெயரில் சொன்னார். அதற்குப் பிறகு ஒருநாளும் அதைத் தவறவிட்டதில்லை.

4

இவ்வளவு தூரம் விளையாடிய நான், என் மகன் விளையாடும்போது எப்படி இருந்திருக்க வேண்டும்? ஆனால் அவன் அறைக் கதவுக்கு வெளியில் நின்று நான் கத்திய முதல் வசனம், "அந்தப் பராக்குப் பெட்டியை நிப்பாட்டு!" கத்திவிட்டு நானே திரும்பிப் பார்த்தேன், அப்பா எங்கே நிற்கிறார் என்று.

அவன் ஆறாம் வகுப்பில் இருந்தபோது பெற்றோர் கூட்டம் ஒன்று வைத்தார்கள். இங்கே எதற்கும் கூட்டம் வைப்பார்கள். பிள்ளைகள் திரைக்கு முன்னால் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று ஒரு மாலை முழுவதும் பேசினோம். என் பக்கத்தில் இருந்த நோர்வேக்காரத் தாய், தன் தகப்பன் தன்னைக் கொமிக்ஸ் வாசிக்க விடவில்லை என்றார். அவருடைய தாய், அதாவது பிள்ளையின் அம்மம்மா, சின்ன வயதில் றேடியோ நாடகம் கேட்டதற்கு அடி வாங்கியவராம். எல்லாத் தலைமுறைக்கும் ஒரு முதலை இருந்திருக்கிறது.

ஆசிரியை என்னையும் கேட்டார். எனக்கு அப்போதும் நோர்வேஜிய மொழி நொண்டி நொண்டித்தான் வரும். "நான் சின்ன வயதில் வீடியோ கேம் விளையாடும்போது, என் அப்பா சைக்கிள் ஓடுவார்," என்று சொன்னேன். டைனமோவுக்குச் சொல் தெரியவில்லை, அதை விட்டுவிட்டேன். ஆசிரியையின் முகம் மலர்ந்தது. "எவ்வளவு அருமை! பிள்ளை விளையாடுகிற நேரம் பெற்றோர் உடற்பயிற்சி செய்கிறார்!" என்று அதைப் பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டார். எங்கள் அப்பா, சாறத்தோடு, பேர்கன் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் முன்மாதிரித் தகப்பனாகிவிட்டார்.

ஆனால் ஒன்றை என்னால் அவர்களுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. எங்கள் விளையாட்டில் ஒருவர் மிதிக்காவிட்டால் மற்றவர் விளையாட முடியாது. மகனுடைய அறையில் மின்சாரம் சுவரிலிருந்து வருகிறது. அங்கே மிதிப்பதற்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை. கதவுக்கு வெளியில் நின்று கத்துவதுதான் மிஞ்சியது. அது எனக்கு எப்போதும் வயிற்றெரிச்சல்.

5

இந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை அந்தக் கதவு தானாகத் திறந்தது.

"அம்மா, ஒரு ஹெல்ப் செய்வீங்களோ? எங்களோடை விளையாடுற லார்ஸ் இல்லை. அவன் அப்பாவோடை மீன் பிடிக்கப் போட்டான்."

"நான் என்னத்தைச் செய்யிறது?"

"ஒண்டும் செய்ய வேண்டாம். சும்மா நிண்டாலே காணும்."

அவர்களுடைய விளையாட்டில் ஒரு கோட்டை. அதற்கு ஒரு பெரிய கதவு. தரையில் இருக்கிற ஒரு கல்லின்மேல் யாராவது ஏறி நின்றால்தான் கதவு திறந்தபடி இருக்கும். மற்றவர்கள் உள்ளே போய்ச் சண்டை பிடிப்பார்கள். எனக்கு இரும்புச் சட்டை போட்ட ஒரு பெண் உருவத்தைத் தந்து, கல்லின்மேல் நிற்கவைத்து, தலையில் ஹெட்போனும் மாட்டிவிட்டான். நான் நின்றேன். அப்படியொரு நிதானத்தோடு நின்றேன். சங்கக்கடை மனேச்சரின் மகள் அல்லவா?

எங்கிருந்தோ இரண்டு ஓநாய்கள் வந்தன. அதைப்பற்றி எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பாய்ந்தன. முப்பது வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த சொல் வாயைத் திறந்துகொண்டு வந்தது:

"ஐயோ, போட்டுவாறன்!"

ஹெட்போனில் மத்தேயுஸ் என்கிற போலந்துக்காரப் பெடியன், அது என்ன சொல் என்று கேட்டான். என் மகன் ஒரு நொடிகூட யோசிக்காமல் நோர்வேஜிய மொழியில் சொன்னான்: "தமிழில் அதற்குச் செத்துவிட்டேன் என்று அர்த்தம்."

திருத்துவதற்கு வாய் எடுத்தேன். அதற்குள் என் இரும்புச் சட்டைக்காரி மறுபடியும் உயிரோடு கல்லின்மேல் வந்து நின்றாள். மத்தேயுஸ் கைதட்டினான். எனக்கு அப்படியொரு புளுகம். அந்தச் சந்தோசத்தில் திருத்தாமல் விட்டுவிட்டேன்.

ஒரு கிழமைக்குள் அந்தச் சொல் பரவிவிட்டது. அறைக்குள்ளிருந்து நோர்வேக் குரலில் "பொத்தவாரன்!", போலந்துக் குரலில் "பொட்டுவறான்!" என்று கேட்கும். ஒருவன் விழுந்து அந்தச் சொல்லைச் சொன்னால் மற்றவர்கள் உடனே, "எப்போது திரும்பி வருவாய்?" என்று கேட்க வேண்டும். அவன் இத்தனை செக்கன் என்று சொல்வான். நான் சனிக்கிழமைதோறும் கல்லின்மேல் நின்றேன். திருத்துவேன் திருத்துவேன் என்று நினைப்பேன். திருத்தினால் அது தமிழ் வகுப்பாகிவிடும், வகுப்பென்றால் கதவு சாத்தப்படும் என்று விட்டுவிடுவேன்.

அப்படியிருக்க ஒருநாள் பவளம் அன்ரி வந்தார். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஊர்க்காரர். இருந்து கதைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு எழும்பும்போது ஆரன் அறையிலிருந்து வெளியே வந்தான்.

"அப்ப தம்பி, நான் போட்டுவாறன்," என்றார் அன்ரி.

அவன் திகைத்துப்போய் அவரைப் பார்த்தான். கொஞ்சம் கொஞ்சமாக முகத்தில் ஒரு சிரிப்பு விரிந்தது.

"ஓ! எப்ப திரும்பி வருவீங்கள் அன்ரி?"

பவளம் அன்ரி அப்படியே உருகிவிட்டார். "பார் பிள்ளை! என்ரை பிள்ளையள் நான் வெளிக்கிட்டால் தலையை நிமித்திப் பாக்காதுகள். இந்தப் பிள்ளை எப்ப வருவீங்கள் எண்டு கேக்குது! என்ன வடிவா வளத்திருக்கிறாய்!" அடுத்தநாளே ஒரு சட்டி நிறைய வடையோடு வந்து நின்றார். "கேட்டவனெல்லோ, அதுதான் வந்தனான்," என்றார்.

அவர் போன பிறகு மகன் என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "பவளம் அன்ரியும் கேம் விளையாடுறவாவோ?"

நான் குசினிக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகுதான் உறைத்தது. செத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு எந்தப் பிள்ளை விமானம் ஏறுவான்? நானே என் கையால் அந்தச் சொல்லை அவனிடமிருந்து பறித்துவிட்டேன்.

6

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அவனுக்கு எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்று இருந்தேன். அவன் பெட்டி அடுக்கிக்கொண்டு பாட்டுப் பாடினான். என்னால் தொடங்க முடியவில்லை. எனக்கு 1995 ஞாபகத்துக்கு வந்தது.

அந்த வருடம் ராணுவம் நெருங்கிவர, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே நாளில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அப்பா சைக்கிளில் மூட்டைகளைக் கட்டினார். கதவைப் பூட்டினார். படலையில் நின்று, யாருமில்லாத வீட்டைப் பார்த்து, கனைத்துவிட்டு, "பாலத்தார் போட்டுவாறார்," என்றார். மழை. நாவற்குழிப் பாலத்தில் சனம் நெருக்கியடித்து அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. ஒருவருடைய தோளில் ஒருவர் அழுதார்கள். அந்த நேரத்தில் அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பலகையைப் பாத்துக் காலை வையுங்கோ, பாலத்தார்," என்றார். அது சீமெந்துப் பாலம், பலகை ஒன்றும் இல்லை. நானும் தம்பியும் அந்த மழையில், அந்த இருட்டில், விழுந்து விழுந்து சிரித்தோம். பக்கத்தில் வந்தவர்கள் எங்களுக்கு விசர் என்று நினைத்திருப்பார்கள்.

அப்பா சொன்னபடி அடுத்த வருடம் திரும்பிப் போனார். கூரை பாதி இல்லை. பெட்டியும் இல்லை. படலை இருந்தது. இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள்.

அந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்லி ஒருவனிடம் கேட்டு வாங்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. அம்மாவும் கேட்டுக் கேட்டுத்தான் பார்த்தார், கிடைக்கவில்லை. ஆகவே வாயை மூடிக்கொண்டேன்.

7

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. விமான நிலையம். என் கணவர் காரை நிறுத்த இடம் தேடிப் போய்விட்டார். மகன் என்னைக் கட்டிப்பிடித்தான். "ஹா டெ, அம்மா," என்றான். "ஹா டெ," என்றேன். வேறு என்ன சொல்வது? முதுகுப் பையோடு வரிசையில் போய் நின்றான். இடுப்பளவு கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான்.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்லவேண்டும். அந்த முதுகுப் பைக்குள், அவனுடைய விளையாட்டுக் கருவிகளுக்கும் வயர்களுக்கும் நடுவில், அவனுக்குத் தெரியாமல் நான் ஒரு பொதி வறுத்த மிளகாய்த்தூள் செருகியிருந்தேன். துரொண்ட்ஹைமில் நல்ல தூள் கிடைக்காது என்று பவளம் அன்ரி சொல்லியிருந்தார்.

பை இயந்திரத்துக்குள் போனது. நின்றது. பின்னால் வந்தது. மறுபடியும் போனது. ஒரு அதிகாரி வந்தார், பிறகு இன்னொருவர் வந்தார். கையுறை போட்டார்கள். வயர்களைத் தூக்கி, கருவிகளைத் தூக்கி, அடியிலிருந்து என் பொதியை இரண்டு விரலால் வெளியே எடுத்தார்கள். பெரிய அதிகாரி அதைப் பிரித்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். ஐயோ, கொண்டுபோகாதேயுங்கோ என்று கத்த வாய் திறந்தேன். அதற்குள் அவர் தும்மினார். பக்கத்தில் நின்றவர் தும்மினார். வரிசையில் நின்ற ஒரு குழந்தையும் தும்மியது.

என் மகன் பொதியைப் பார்த்தான், அதிகாரியைப் பார்த்தான், திரும்பி என்னைப் பார்த்தான். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான். ஓநாய் பாய்ந்த முகத்தோடு, வாயெல்லாம் சிரிப்பாக, விமான நிலையம் முழுவதும் கேட்கக் கத்தினான்:

"அம்மா! போட்டுவாறன்!"

 அவன் எந்த அர்த்தத்தில் சொன்னான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் என்ன? "ஓம் ராசா, போட்டு வா!" என்று நானும் கத்தினேன். பிறகு அவர்களுடைய விளையாட்டில் அடுத்ததாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. கண்ணாடியில் சாய்ந்துகொண்டு கேட்டேன்:

"எப்ப திரும்பி வருவாய்?"

"நத்தாருக்கு!" என்றான், யோசிக்காமல். "கிறிஸ்மஸ் லீவுக்கு வருவன், அம்மா!"

மிளகாய்த்தூளை அவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே கொடுத்தார்கள். நானும் துடைத்துக்கொண்டுதான் நின்றேன்.

வாகனத் தரிப்பிடத்தில் நின்றே யாழ்ப்பாணத்துக்கு எடுத்தேன். முதல் மணியிலேயே அம்மா எடுத்துவிட்டார்.

"சொல்லிப்போட்டோ போனவன்?"

"சொன்னவன் அம்மா."

"வடிவாச் சொன்னவனோ?"

"ரண்டு கையையும் தலைக்கு மேலை தூக்கிச் சொன்னவன்."

"அப்பனே, முருகா," என்றார் அம்மா. அவன் என்னைக் கும்பிட்டான் என்றே நினைத்துக்கொண்டார். பின்னால் அப்பா கனைக்கிற சத்தம் கேட்டது. நான் இதையும் திருத்தவில்லை.